சித்தியவானில் எலும்பு டாக்டரிடம் போகும் முன்

மலேசியாவின் சித்தியவானில் எலும்பு, மூட்டு வலிக்கு மருத்துவரைத் தேடிப் போகும் தமிழர்களில் இரண்டு தரப்பினருக்கு மொழி குறுக்கே நிற்கிறது. ஒரு தரப்பு தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள்: உணவகத்தில் ரொட்டி தட்டுகிறவர், லூமுட் பக்கம் கட்டுமான வேலைக்கு வந்தவர், மகள் வீட்டுக்கு வந்து குளியலறையில் வழுக்கி விழுந்த தாய், பங்கோர் தீவுக்குப் போகும் வழியில் காலைச் சுளுக்கிக்கொண்ட பயணி. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் வரலாம் என்றான பிறகு, பெற்றோரை அழைத்துவந்து சில வாரம் வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் இந்தத் தரப்பில் சேர்ந்துவிட்டன.

மறு தரப்பு இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். ஆயர் தாவார், சுங்கை வாங்கி, சோகமானா, வால்புரூக் என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டி, இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பிள்ளைகளோடு இருக்கும் எழுபது, எண்பது வயதுப் பாட்டிகளும் தாத்தாக்களும். சந்தையில் மீன் வாங்க அவர்களுடைய மலாய் போதும். சீனர் கடையில் பேரம் பேசவும் போதும். ஆனால் "வலி இடுப்பில் தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்கால் வரை மின்சாரம் மாதிரி ஓடுகிறது" என்று சொல்ல அந்த மலாய் போதாது. எதிரில் இருக்கும் இளம் மருத்துவருக்கோ அந்த ஒரு வாக்கியம்தான் வேண்டும்.

தோட்டத்து வாழ்க்கையில் இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்துத் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிர்வாகமே மருத்துவ வசதி செய்துதர வேண்டும் என்று விதித்திருந்தன. தோட்டத்து ஆஸ்பத்திரி, அதில் ஒரு டிரஸ்ஸர் என்று இருந்தது. 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. அந்த டிரஸ்ஸருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியும். மருந்தில் குறை இருந்திருக்கலாம், வசதியில் பெரிய குறை இருந்தது, ஆனால் வலியைச் சொல்ல மொழி இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியானபோது அந்த ஏற்பாடும் போய்விட்டது. தோட்டத்து வேலையால் வந்த வலி மட்டும் மிச்சம். விடியுமுன் எழுந்து, தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்து குனிந்து முதுகு வாங்கிய வலி. காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்த தோள்பட்டை வலி. செம்பனைக் குலையை அறுக்க நீண்ட கம்பை ஏந்தி அண்ணாந்தே நின்றதால் வந்த கழுத்து வலி. இவர்களுடைய முதுகையும் முட்டியையும் பார்க்கும் மருத்துவருக்கு இந்தக் கதை தெரிய வேண்டும். இதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

முதலில் வழி. மலேசியாவில் அரசு எலும்பு நிபுணரிடம் நேரே போய் உட்கார முடியாது. பொதுவாக முதலில் அரசு சுகாதார நிலையத்துக்கு, அதாவது 'கிளினிக் கெசிஹாத்தான்'-க்குப் போக வேண்டும். அங்குள்ள மருத்துவர் பார்த்துத் தேவையென்றால் 'சூராட் ருஜுக்கான்' எழுதித் தருவார். பரிந்துரைக் கடிதம் என்று பொருள். அதை வைத்துத்தான் ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனையின் எலும்பியல் பிரிவில் தேதி வாங்க முடியும். மஞ்சோங் மாவட்டத்தின் அரசு மருத்துவமனை இதுதான். சித்தியவானுக்கும் லூமுட்டுக்கும் இடையில் இருக்கிறது. அதற்கும் மேலான சிகிச்சை என்றால் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சுமார் 80 கிலோமீட்டர் பயணம். குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் பிரிவில் 5 வெள்ளி என்பதே நெடுநாளைய கட்டணம். அவசரமில்லாத முட்டி வலிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். தனியாரிடம் போனால் கடிதம் இல்லாமலேயே நிபுணரைப் பார்க்கலாம், செலவு மட்டும் பல மடங்கு.

வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனையிலும் கட்டணம் வேறு. படுக்கையில் சேர்ப்பதற்கு முன்பணமும் கேட்பார்கள். ஆகவே கடப்பிதழோடு, காப்புறுதி இருந்தால் அதன் அட்டையையும் எடுத்துப் போங்கள். வேலை அனுமதியில் இருக்கும் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு 2011 முதல் மருத்துவமனைக் காப்புறுதி கட்டாயம். உங்கள் பெயரில் அது எடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலாளியிடம் இன்றே கேட்டு வைப்பது நல்லது. கை முறிந்த பிறகு கேட்கும் கேள்வி அல்ல அது.

இனி மொழி. இங்கே மருத்துவக் குறிப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன, மருத்துவர்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் படித்தவர்கள். அதனால் ஓரளவு ஆங்கிலம் தெரிந்த தமிழ்நாட்டுப் பயணிக்கு மருத்துவர் அறைக்குள் பெரிய சிரமம் இருக்காது. பதிவு முகப்பிலும் மருந்து வாங்கும் இடத்திலும்தான் தடுமாற்றம். தோட்டத்துப் பாட்டிக்கு நேர்மாறு: முகப்பில் சமாளித்துவிடுவார், மருத்துவர் முன்னால் வார்த்தை வராது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெயர்ப்பலகையில் இந்தியப் பெயர் இருப்பதால் அந்த மருத்துவர் தமிழ் பேசுவார் என்று நம்பிப் போகாதீர்கள். அவர் பஞ்சாபியாகவோ மலையாளியாகவோ இருக்கலாம். தமிழர் வீட்டில் பிறந்து ஆங்கிலத்திலேயே வளர்ந்தவராகவும் இருக்கலாம். சீன மருத்துவர் என்றால் மலாயோ ஆங்கிலமோதான் பொது. 1903இல் சீனாவின் பூச்சோவிலிருந்து வந்த மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடியேறிகள் உருவாக்கிய ஊர் இது. கடைத்தெருவில் இன்றும் அவர்களுடைய பேச்சுதான் முதலில் காதில் விழும்.

எலும்பு மருத்துவரிடம் மட்டும் பேச்சு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். கண் மருத்துவர் கருவியை வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார். இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பரிசோதனை சொல்லிவிடும். எலும்பு மூட்டு வலியில் அப்படி இல்லை. ஐம்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருடைய முதுகை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியும். அவர்களில் பலருக்கு வலியே இருக்காது. ஆகவே படத்தில் தெரியும் தேய்மானம்தான் உங்கள் வலிக்குக் காரணமா என்பதை நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்துத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். நடந்தால் கால் கடுக்கிறது என்கிறீர்கள். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் அந்தக் கடுப்பு குறைகிறது என்றால் முதுகுத்தண்டில் நரம்புப் பாதை குறுகியிருக்கிறதா என்று பார்ப்பார். சும்மா நின்றாலே சில நிமிடத்தில் குறைந்துவிடுகிறது என்றால் காலுக்குப் போகும் இரத்தக் குழாயைச் சோதிப்பார். இரண்டுக்கும் "நடந்தா கால் வலிக்குது டாக்டர்" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்தால், தவறான வரிசையில் போய் நிற்போம்.

அதுபோலவே காலை விறைப்பு. எழுந்ததும் முட்டி மடங்க மறுத்து, பத்து இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டால் அது பொதுவாகத் தேய்மானத்தின் இயல்பு. ஒரு மணி நேரமானாலும் விரல்கள் மடங்கவில்லை, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம் என்றால் முடக்கு வாதமாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. நள்ளிரவில் கை மரத்துப்போய் விழித்து உதறுகிறவர்களுக்கு, கோளாறு பெரும்பாலும் மணிக்கட்டில் நசுங்கும் நரம்பில் இருக்கும். தோளைத் தூக்கவே முடியவில்லை, ஜாக்கெட் கொக்கியைப் பின்னால் கைகொண்டு போட முடியவில்லை என்று சொல்லும் பெண்ணுக்கு நீரிழிவும் இருந்தால், உறைந்த தோள் என்று மருத்துவர் உடனே சந்தேகிப்பார். நீரிழிவுக்காரர்களுக்கு அது அதிகம் வரும்.

ஆகவே, போவதற்கு முன்தினம் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே வலி, எப்போது தொடங்கியது, விழுந்தீர்களா, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது, இரவில் எழுப்புகிறதா, மரத்துப் போகிறதா, வீக்கம் உண்டா. என்ன வேலை செய்தீர்கள், எத்தனை வருடம் என்பதும் வேண்டும். இதோடு சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ஒவ்வாத மருந்து ஆகியவை. வலி மாத்திரைகளில் ஒரு வகை சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கக்கூடியது. உங்களுக்கு அந்தக் கோளாறு இருப்பது தெரிந்தால்தான் மருத்துவர் அதைத் தவிர்ப்பார். தமிழில் எழுதிய தாளை மலாயோ ஆங்கிலமோ தெரிந்த பிள்ளையிடமோ பக்கத்து வீட்டு ஆசிரியரிடமோ கொடுத்து மாற்றி எழுதி வாங்குங்கள். பக்கம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். மருத்துவரின் மேசையில் அந்தத் தாளை வைத்தால், அவர் கேட்கும் கேள்விகளில் பாதி அங்கேயே முடிந்துவிடும். இப்போது சாப்பிடும் மருந்துகளைப் பெயர் எழுதிக்கொண்டு போவதைவிட அட்டையோடும் புட்டியோடும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது மேல்.

எங்கே வலி என்பதை மட்டும் வார்த்தையை நம்பி விடாதீர்கள். விரலை வைத்துக் காட்டுங்கள். நாம் இடுப்பு வலி என்று சொல்வது கீழ்முதுகாகவும் இருக்கலாம், தொடை எலும்பு சேரும் மூட்டாகவும் இருக்கலாம். மலாயில் கீழ்முதுகுப் பக்கத்தை 'பிங்காங்' என்றும் அந்த மூட்டுப் பக்கத்தை 'பிங்குல்' என்றும் பிரித்துச் சொல்வார்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்று: 'புவா பிங்காங்' என்றால் சிறுநீரகம். முதுகு வலிக்குப் போய் 'சாக்கிட் புவா பிங்காங்' என்று சொன்னால் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். இடுப்பு மூட்டு கெட்டால் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடை இடுக்கில் தெரியும். கூச்சப்படாமல் அந்த இடத்தைக் காட்ட வேண்டும். பெண்கள் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். கிடைக்காவிட்டால் பரிசோதிக்கும்போது ஒரு மிஸ்ஸி (தாதி) கூட நிற்க வேண்டும் என்று கேட்கலாம். தவறாக நினைக்க மாட்டார்கள்.

சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முட்டி 'லுத்துட்'. தோள் 'பாஹு'. கழுத்து 'லேஹேர்'. குதிகால் 'தூமிட்'. கணுக்கால் 'புக்கு லாலி'. வீக்கம் 'பெங்காக்'. மரத்துப் போவது 'கெபாஸ்'. ஊசி குத்துவதுபோன்ற வலி 'மெஞ்சூச்சோக்'. உளைச்சல், அசதி வலி 'லெங்கு'. விழுந்தேன் என்பதற்கு 'ஜாத்தோ', எலும்பு முறிவு 'பாத்தா', சுளுக்கு 'தெர்செலியோ'. நீரிழிவு 'கென்சிங் மானிஸ்', இரத்தக் கொதிப்பு 'டாரா திங்கி', மருந்து ஒவ்வாமை 'ஆலா உபாட்'. பரிசோதனையின்போது மருத்துவர் சொல்வது சிறு சிறு கட்டளைகள்தான்: 'பாரிங்' என்றால் படுங்கள், 'ஆங்காட்' என்றால் தூக்குங்கள், 'லூருஸ்' என்றால் நீட்டுங்கள், 'பெங்கோக்' என்றால் மடக்குங்கள், 'தோலாக்' என்றால் தள்ளுங்கள், 'தாரிக்' என்றால் இழுங்கள். அவர் உங்கள் காலைத் தூக்கும்போது வலித்தால் உடனே 'சாக்கிட்' என்று சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தால் அந்தப் பரிசோதனையே வீண். எந்தக் கோணத்தில் வலி தொடங்குகிறது என்பதைத்தான் அவர் தேடுகிறார். முட்டியைக் காட்டப் போகிறவர்கள் தொடை வரை எளிதாக ஏற்றக்கூடிய கைலியோ தொளதொளப்பான காற்சட்டையோ அணிந்துபோனால் வேலை சுலபம்.

மிஸ்ஸி ஓர் அளவுகோலைக் காட்டி வலி எத்தனை என்று கேட்பார். 2008 முதல் மலேசிய சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நாடி, இரத்த அழுத்தம்போல வலியையும் அளந்து குறிப்பது நடைமுறை. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. நம் தாத்தா பாட்டிகள் இதில் ஏமாந்துபோகிறார்கள். எட்டு, ஒன்பது அளவு வலியை வைத்துக்கொண்டு, மரியாதைக்காகவும் பழக்கத்துக்காகவும் "மூணுதாம்மா" என்கிறார்கள். மூன்று என்று எழுதப்பட்டால் மூன்றுக்கு உரிய மருந்தும், மூன்றுக்கு உரிய தேதியும்தான் கிடைக்கும். உள்ளதைச் சொல்வது குறை சொல்வதாகாது. எண் புரியாதவர்கள், "ராத்திரி தூங்க முடியவில்லை", "கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியவில்லை" என்று செய்ய முடியாததைச் சொன்னாலே போதும். மருத்துவருக்கு அளவு புரிந்துவிடும்.

மொழி தெரிந்த ஒருவர் கூட வருவது நல்லதுதான். ஆனால் யார் வருகிறார் என்பது முக்கியம். பள்ளிக்கூடத்துப் பேரப்பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள். ஐந்து நிமிடம் பாட்டி பேசியதை அந்தப் பிள்ளை 'லுத்துட் சாக்கிட்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடும். மருத்துவர் ஐந்து நிமிடம் சொன்னது "ஆப்பரேஷன் பண்ணணுமாம்" என்று திரும்பி வரும். பெரியவர்கள் செய்யும் தவறு வேறு விதம்: அம்மா பேசத் தொடங்கும் முன்பே மகன் பதில் சொல்லிவிடுவார், அல்லது அம்மா பயந்துவிடுவார் என்று மருத்துவர் சொன்னதில் பாதியை மறைத்துவிடுவார். அன்பினால் செய்வதுதான். ஆனாலும் சிகிச்சைக்கு அது கெடுதல். முதுகு வலியோடு சிறுநீர் கட்டுப்படாமல் போவதைத் தாய் மகன் முன்னால் சொல்ல மாட்டார்; அதுவோ எலும்பு மருத்துவர் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி. மகளோ, மருமகளோ, பக்கத்து வீட்டு அக்காவோ வரட்டும். வருகிறவருக்கு ஒரே விதி: இரண்டு பக்கம் சொல்வதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும், தன் கருத்தைச் சொல்ல விரும்பினால் அதைத் தனியாக, கடைசியில் சொல்லலாம்.

கூட வர யாருமில்லாவிட்டால் பதிவு செய்யும்போதே 'அடா ஓராங் போலே சாகாப் தமில்?' என்று கேளுங்கள். தமிழ் பேசக்கூடியவர் இருக்கிறாரா என்று பொருள். அரசு மருத்துவமனைகளில் மிஸ்ஸியோ உதவியாளரோ பயிற்சி மருத்துவரோ யாராவது தமிழர் இருப்பது இந்த வட்டாரத்தில் அரிதல்ல. உள்ளே போன பிறகு கேட்பதைவிட முகப்பிலேயே கேட்டால் அவர்களைக் கூப்பிட நேரம் கிடைக்கும். கைத்தொலைபேசி மொழிபெயர்ப்புச் செயலியும் உதவும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் அதில் உண்டு. ஆனால் "முட்டி கடுகடுங்குது" என்று பேச்சு வழக்கில் சொன்னால் அது தடுமாறும். "என் வலது முழங்காலில் வலி இருக்கிறது. மூன்று மாதமாக இருக்கிறது." இப்படி ஏட்டுத் தமிழில், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்று கொடுங்கள். வந்த மலாயை மறுபடி தமிழுக்கு மாற்றிப் பாருங்கள்; நீங்கள் சொன்னதே திரும்பி வந்தால் காட்டலாம். மருந்தின் அளவையும் அறுவை சிகிச்சை விவரத்தையும் செயலியை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

மொழிச் சிரமத்துக்கு அஞ்சி எலும்பு மருத்துவரையே தவிர்ப்பவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் பேச வேண்டும். மலாய்க்காரரின் 'உருட்' இருக்கிறது, சீனரின் முறிவு வைத்தியம் இருக்கிறது, நம்மவரின் எண்ணெய்க் கட்டு இருக்கிறது. மரபு மருத்துவத்தை ஒழுங்குபடுத்த மலேசியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. உழைத்து அலுத்த தசைக்கு நீவி விடுவதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. ஆனால் விழுந்த பிறகு கால் ஊன்ற முடியவில்லை, கை கோணியிருக்கிறது, வீக்கம் ஏறுகிறது என்றால் எக்ஸ்ரே எடுக்கும் முன் யாரும் அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது. முறிந்த எலும்பை நீவினால் அதன் முனை நரம்பையும் இரத்தக் குழாயையும் கிழிக்கலாம். இறுக்கிக் கட்டிய கட்டுக்குக் கீழே விரல் வெளுத்து, சில்லிட்டு, மரத்து, வலி மணிக்கு மணி ஏறினால் கட்டை உடனே தளர்த்தி அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். சில மணி நேரத் தாமதத்தில் தசை செத்துவிடும்.

இதைவிட அமைதியாகக் கெடுப்பது மூட்டு வலிக்கென்று விற்கும் பொடியும் மாத்திரையும். சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி வாய்வழியாகப் பரவும். மூலிகை என்று விற்கப்பட்ட இத்தகைய மருந்துகள் பலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். அந்த ஸ்டீராய்டால் முகம் உருண்டு வீங்கும், சர்க்கரை ஏறும், வயிற்றில் புண் விழும், எலும்பு உள்ளுக்குள் சொத்தையாகும். எலும்பு வலிக்குச் சாப்பிட்டதே எலும்பை உடைக்கும். நெடுநாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. பொட்டலத்தில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண்ணும், மின்னும் பாதுகாப்பு ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தானாக நிறுத்தாமல் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். திட்டுவாரோ என்று மறைப்பவர்கள்தான் அதிகம். திட்டினாலும் பரவாயில்லை, காட்டிவிடுங்கள்.

வலி இல்லாத காலுக்காகவும் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும். மலேசிய அரசு மருத்துவமனைகளில் நீரிழிவுக் கால் புண்ணைப் பார்ப்பது எலும்பியல் பிரிவுதான். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஏறத்தாழ ஒருவர். நரம்பு மரத்த காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. புண் கறுத்து நாறும்போதுதான் வீட்டில் கவனிப்பார்கள். அப்போது மருத்துவர் பேசுவது விரலை எடுப்பதா பாதத்தை எடுப்பதா என்பது பற்றி. நோயாளிக்கு வலி இல்லாததால், மொழியும் தெரியாததால், "ஒண்ணுமில்ல, சின்னப் புண்ணு" என்று வீடு திரும்பிவிடுகிறார். கென்சிங் மானிஸ் இருப்பவர் காலில் ஆறாத புண் எதுவும் சின்னப் புண் அல்ல. வலி இல்லை என்பதே அங்கே அபாயக் குறி.

மருந்து வாங்கும்போது உறையில் பெரும்பாலும் மலாயில்தான் எழுதியிருக்கும். 'தீகா காலி செஹாரி' என்றால் நாளுக்கு மூன்று வேளை. 'செலெபாஸ் மாக்கான்' சாப்பிட்ட பின், 'செபெலும் மாக்கான்' சாப்பிடும் முன், 'பீலா பெர்லு' தேவைப்பட்டால் மட்டும், 'சாப்பு' என்றால் மேலே தடவுவது. 'பீலா பெர்லு'தான் பெரும்பாலும் குழப்பம் தருகிறது: வலி வந்தால் மட்டும் சாப்பிட வேண்டியதை மாதம் முழுக்கச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்வது எளிது. உறை மீதே தமிழில் எழுதி வைத்துவிட்டால் வீட்டில் யாரும் கேட்க வேண்டியதில்லை.

முட்டித் தேய்மானத்துக்கும் முதுகு வலிக்கும் முதன்மையான சிகிச்சைகளில் ஒன்று உடற்பயிற்சி. மொழி தெரியாதவர்கள் கைவிடுவதும் அதைத்தான். இயன்முறை மருத்துவர் ஒருமுறை செய்து காட்டுவார், மலாய் அச்சுத்தாள் ஒன்று தருவார். பாட்டி வீட்டுக்கு வந்து தாளை அலமாரியில் வைத்துவிடுவார். அனுமதி கேட்டு, அவர் செய்து காட்டுவதையும் பிறகு நீங்கள் செய்வதை அவர் திருத்துவதையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை தடவை, நாளுக்கு எத்தனை வேளை என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். தரையில் உட்கார்ந்துதான் சமைப்பேன், சாமி கும்பிடும்போது சம்மணம் போடுவேன், கீழே குந்தும் கழிப்பறைதான் வீட்டில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அதற்கேற்பப் பயிற்சியை மாற்றித் தருவார்.

வேலையிடத்தில் அடிபட்டவர்கள் முதல் சந்திப்பிலேயே 'ஜாத்தோ டி தெம்பாட் கெர்ஜா', வேலையிடத்தில் விழுந்தேன், என்று சொல்லிவிட வேண்டும். மருத்துவர் அன்று எழுதும் குறிப்புதான் பிறகு பெர்க்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் இழப்பீட்டுக்கு ஆதாரம். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்க்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடந்த விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. 2019 ஜனவரி 1 முதல் சட்டப்படி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்த வேலைக் காயப் பாதுகாப்பு பொருந்தும். தமிழ்நாட்டுத் தம்பிகள் பலருக்கு இது தெரிவதில்லை. முதலாளி "வீட்டில் விழுந்ததாகச் சொல்" என்று சொல்லி அனுப்பினால் அதற்கு இணங்காதீர்கள். எக்ஸ்ரே, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்), இரசீது எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேதிக்குக் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. முதுகு வலியோடு இரண்டு காலும் பலமிழந்து, மறைவிடம் மரத்து, சிறுநீர் வராமலோ அடங்காமலோ போவது. காய்ச்சலோடு ஒரு மூட்டு சூடாக வீங்கி அசைக்க முடியாமல் போவது. எலும்பு வெளியே தெரியும் காயம். விழுந்த முதியவர் எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பிக் கிடப்பது. இவற்றில் எதுவானாலும் கிளினிக்கும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். 999க்கு அழையுங்கள், அல்லது மருத்துவமனையில் 'கெச்செமாசான்' என்ற சிவப்புப் பலகையுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே மொழி தெரியாதவரையும் உடனே பார்ப்பார்கள்.

அறுவை சிகிச்சை வரை போனால் ஒப்புதல் படிவம் வரும். முட்டி மாற்றுவதா, முறிந்த இடத்தில் தகடு வைப்பதா, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, எத்தனை நாளில் நடக்கலாம், உள்ளே வைக்கும் பொருளுக்கு யார் பணம் தருவது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில் மருத்துவச் சாதனங்களுக்கு உதவி இருக்கிறது. அரசு மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் கேட்டால் வழிகாட்டுவார்கள். புரியும் மொழியில் விளக்காமல் வாங்கிய கையெழுத்து ஒப்புதல் ஆகாது. "பயமா இருக்கு, ஆனா டாக்டர் சொல்றாரு" என்று பேனாவை எடுக்காதீர்கள். 'ஜூருபஹாசா தமில்' வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், என்று சொல்லிக் காத்திருங்கள். அவர் வந்து விளக்கிய பிறகு, என்ன செய்யப் போகிறார்கள் என்பதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.